மாம்பழ அழுகலுக்கு வாசனை எண்ணெய்: மூன்று சீசன் பார்த்தாயிற்று

கிருஷ்ணகிரிப் பக்கம் கொஞ்சம் மாமரம் இருக்கிறது, வைக்கோலில் பழுக்க வைத்து நேராக வீடுகளுக்கே கொடுக்கிறோம். பறிக்கும்போது மாசு மருவில்லாமல் இருக்கிற காய், பழுக்கத் தொடங்கியதும் தோலில் மிளகளவு கரும்புள்ளி போடும், இரண்டே நாளில் அது காசளவாகிக் குழி விழுந்துவிடும். ஆந்த்ராக்னோஸ் என்கிற பூசண நோய். பூசண மருந்தில் முக்கிய பழத்தைக் குழந்தைகள் தின்கிற வீட்டுக்குக் கொடுக்க மனசு வரவில்லை, அதனால்தான் இந்த எண்ணெய் வேலையில் இறங்கினேன்.

முதல் வருஷம் சொதப்பல். கிராம்பு எண்ணெயைத் தண்ணீரில் ஊற்றிக் கலக்கிப் பங்கனப்பள்ளியை முக்கினேன். எண்ணெய் எங்கே தண்ணீரோடு சேரும்? மேலே மிதந்தது அப்படியே தோலில் ஒட்டி, ஒட்டின இடமெல்லாம் சூடு போட்ட மாதிரி பழுப்புத் திட்டு. போதாததற்கு, வாங்கிப்போன அக்கா ஒருவர் போன் போட்டு, "என்னப்பா, மாம்பழம் பல்வலி மருந்து வாசனை அடிக்குது?" என்றார். அந்தக் கூடைக்குக் காசு வாங்கவில்லை.

அடுத்த வருஷம் எலுமிச்சைப்புல் எண்ணெய்க்கு மாறினேன், முக்குவதையும் விட்டுவிட்டேன். பஞ்சில் சில சொட்டு விட்டு, கொட்டாங்குச்சியில் வைத்துக் கிரேட்டின் மூலையில் பழத்தில் படாமல் நிறுத்தி, தார்ப்பாயால் ஒரு ராத்திரி மூடி, காலையில் திறந்துவிடுவேன். இதிலுள்ள சிட்ரால் என்கிற வாசனைப் பொருள் ஆவியாகிப் பூசண வித்து முளைப்பதைத் தடுக்கும். வாசனை இரண்டு நாளில் போய்விடுகிறது. ஒரு பழத்திலிருந்து பக்கத்துப் பழத்துக்கு ஒட்டுகிற பூஞ்சை நன்றாகவே குறைந்தது, இதை அடித்துச் சொல்வேன்.

ஆனால் கரும்புள்ளி? பெரிசாகக் குறையவில்லை. காரணம் அப்புறம்தான் உறைத்தது. இந்தப் பூசணம் பிஞ்சிலேயே தோலுக்குள் புகுந்து, காய் பழுக்கும்வரை சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். பூவும் பிஞ்சுமாக இருக்கும்போது மழை பிடித்த வருஷம் என்றால் கேட்கவே வேண்டாம். மேலே சுற்றுகிற ஆவி உள்ளே இருப்பவனை என்ன செய்யும்?

அதனால் போன சீசனில் முதலில் வெந்நீர். 52 டிகிரி, 10 நிமிடம், கையில் தெர்மாமீட்டரோடு பக்கத்திலேயே நிற்க வேண்டும், சூடு ஏறினால் தோல் வெந்துவிடும். ஆறவைத்து, ஈரம் போகத் துடைத்து, அப்புறம் எண்ணெய் ஆவி. இரண்டும் சேர்ந்தபோதுதான் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது. உண்மையில் பாதிக்கு மேல் வேலை வெந்நீருடையது, பெயர் மட்டும் எண்ணெய்க்கு.

காம்பழுகல் வந்த பழத்துக்கு இது எதுவும் உதவவில்லை. இமாம்பசந்துக்குத் தோல் மெலிசு, அதில் வெந்நீரை நான் இன்னும் தொடவில்லை. எண்ணெய் விலையும் கொஞ்சமில்லை, எல்லாக் கிரேட்டுக்கும் கட்டுப்படியாகாது. இந்த வருஷம் கடைசியில் மழையோடு வருகிற நீலம் ரக மாம்பழத்துக்கு மட்டும் ஒரு பாட்டில் எடுத்து வைத்திருக்கிறேன்.