லெத்தீசியா, கேட், மாக்சிமா: யாருடைய அலமாரி நமக்கு ஆகும்?

வேலைக்காக ஐரோப்பா வந்த பிறகு, சுடிதாரை மடித்து வைத்துவிட்டு கோட்டும் பேன்ட்டுமாக அலுவலகம் போக வேண்டி வந்தது. எதை வாங்குவது, எதை எதோடு சேர்த்துப் போடுவது என்று பார்த்துக் கற்றுக்கொள்ள ஆள் வேண்டும் இல்லையா? ஃபேஷன் இதழ்களில் வருகிறவர்கள் எல்லாம் இருபது வயதுப் பெண்கள். அவர்களுக்கு அசையாமல் நிற்பதுதான் வேலை. சினிமா நட்சத்திரங்கள் ஒரு உடையை ஒரு மாலைக்கு இரவல் வாங்கிப் போட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். நாற்பதைத் தாண்டியவர்கள், பட்டப்பகலில் காரிலிருந்து இறங்கி, படியேறி, குழந்தையிடம் குனிந்து பேசி, மேடையில் நேராக உட்கார்ந்து, வருடம் முழுக்க உடுத்துகிறவர்கள் என்று தேடினால் மிஞ்சுவது அரச குடும்பத்துப் பெண்கள்தான். அவர்களுக்கு உடை என்பது வேலையில் பாதி.

அப்படி நான் ஆற அமரப் பார்த்தது மூன்று பேரை. ஸ்பெயின் ராணி லெத்தீசியா, பிரிட்டனின் வேல்ஸ் இளவரசி கேத்தரின் (அவரைக் கேட் என்று சொன்னால்தான் நமக்குத் தெரியும்), நெதர்லாந்து ராணி மாக்சிமா. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் லெத்தீசியா கட்சி. என் சித்தி மகள், "கேட்டை விட்டா வேற யாரு இருக்காங்கக்கா?" என்று இன்னும் சண்டை போடுகிறாள். அவளுக்குப் பதில் சொல்லிச் சொல்லித்தான் இந்த அலசலே உருவானது.

மூவருக்கும் பணம் இருக்கிறது, உதவிக்கு ஆள் இருக்கிறது, எதைப் போட்டாலும் எடுப்பாக இருக்கும் உடல்வாகும் இருக்கிறது. அதையெல்லாம் அலசுவதில் பயனில்லை. யார் அழகு என்ற கேள்வியையும் தாண்டிப் போய்விடலாம்.

மாக்சிமாவை முதலில் பார்த்துவிடலாம், ஏனென்றால் பார்க்க அவர்தான் ரொம்பப் பிடிக்கும், பின்பற்ற அவர்தான் ரொம்பக் கஷ்டம். அர்ஜென்டினாவில் பிறந்தவர், நியூயார்க்கில் வங்கி வேலை பார்த்தவர், 2002ல் ஆம்ஸ்டர்டாமில் வலென்டினோ தைத்த கவுனில் திருமணம் செய்துகொண்டவர். 2013 ஏப்ரல் 30 அன்று கணவர் அரியணை ஏறியபோது யான் தமினியாவ் வடிவமைத்த அடர்நீலக் கவுனும், அதே நீலத்தில் தரையைத் தொடும் மேலங்கியுமாக வந்து நின்றார். பக்கத்தில் மன்னர் இருந்ததே பலருக்கு நினைவில்லை. அதே தமினியாவ் பழைய அஞ்சல் பைத் துணியில் தைத்த ஜாக்கெட்டையும் அவர் போட்டிருக்கிறார். அந்தத் துணிச்சலுக்கு ஒரு கும்பிடு.

ஆனால் மாக்சிமாவின் தோற்றம் உடையோடு முடிவதில்லை. பிரஸ்ஸல்ஸின் நத்தான் நிறுவனம் தைத்த ஒரே நிற உடை, அதற்கு மேல் தட்டு அகலத்துக்குத் தொப்பி, முழங்கை வரை கையுறை, காதில் பெரிய தொங்கட்டான். இதில் ஒன்றைக் கழற்றினாலும் மிச்சம் ஏதோ குறையாகத் தெரிகிறது. செப்டம்பர் மூன்றாம் செவ்வாய் அன்று ஹேக் நகரில் நாடாளுமன்றம் தொடங்கும் நாளில் தொப்பிகளுக்கென்றே கூட்டம் கூடும். அங்கே இது பொருத்தம். திங்கட்கிழமை காலை மீட்டிங்குக்கு? ஒரு வருடம் ஆரஞ்சு நிற கேப் (தோளில் போர்த்தும் கையில்லாத மேலங்கி) ஒன்றை ஆசையாக வாங்கினேன். கணினி முன்னால் உட்கார்ந்து கையைத் தூக்கினால் கேப்பும் கூடவே தூக்குகிறது. அது இப்போது கல்யாணங்களுக்கு மட்டும்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். மாக்சிமா எதையும் தூக்கிப் போடுவதில்லை. பத்து வருடத்துக்கு முந்தைய உடையை வேறு தொப்பியோடு போடுவார். இப்போது மகள்களும் அம்மாவின் உடைகளில் வருகிறார்கள். துணி தரமாக இருந்தால்தான் இது நடக்கும்.

அடுத்து கேட். இவருடைய பலம் கோட்தான். கோட் போலவே தைத்து, பொத்தான் போட்டு, கடைசி வரை கழற்றாமல் உடையாகவே போட்டுக்கொள்ளும் கோட் டிரஸ். தோள் சரியாக உட்கார்ந்திருக்கும், இடுப்பு சரியான இடத்தில் இருக்கும், நடந்தால் மடிப்பு கலையாது. 2011ல் கனடாவின் கால்கரி விமான நிலையத்தில் ஜென்னி பேக்கம் என்ற வடிவமைப்பாளரின் மஞ்சள் நிற உடை காற்றில் தூக்கிப் படாதபாடு படுத்தியது. இப்படிக் காற்றில் தூக்காமல் இருக்க ஓரத்தில் சின்ன எடைகளை வைத்துத் தைப்பது பிரிட்டிஷ் அரண்மனைத் தையல்காரர்களுக்குப் பழக்கம்தான். வடக்கு ஐரோப்பாவின் பஸ் நிறுத்தத்தில் ஒரு நாள் நின்று பார்த்தால் அந்த எடையின் அருமை தெரியும்.

கேட்டிடம் எனக்கு உறுத்துவது வேறு. அவருடைய ஒவ்வொரு உடையும் ஒரு நிகழ்ச்சியோடு ஒட்டிக்கொண்டுவிடுகிறது. 2010 நவம்பரில் நிச்சயதார்த்தத்தை அறிவித்தபோது போட்ட நீல நிற இசா உடை கண்மூடித் திறப்பதற்குள் கடைகளில் தீர்ந்தது. அந்த நீல உடை என்றால் இன்றும் அந்த மோதிரமும் அந்தப் புகைப்படமும்தான் கண்ணுக்கு முன்னால் வரும். (அவ்வளவு புகழ் வந்தும் இசா நிறுவனம் 2015ல் மூடப்பட்டது தனிக் கதை.) நினைவில் நிற்கும் உடை விழாவுக்கு நல்லது. தினமும் போடுகிறவளுக்கு அதுவே பாரம்.

இங்கேதான் நான் விடாமல் பிடித்துக்கொள்ளும் கேள்வி வருகிறது: போட்டதைத் திரும்பப் போட முடியுமா? விலை, நிறம், நவநாகரிகம் எல்லாம் அப்புறம்தான். அலுவலக உடுப்பில் ஒரு நல்ல ஜாக்கெட்டுக்குக் கொடுக்கும் காசு ஊரில் ஒரு நல்ல பட்டுப்புடவை விலையைத் தொடும். புடவைக்கு அளவு கிடையாது. உடம்பு பெருத்தாலும் இளைத்தாலும் அது பாட்டுக்கு இருக்கும். ஜாக்கெட் அப்படி இல்லை. ட்ரை கிளீனிங்குக்குக் கொடுத்துக் கொடுத்து வாங்க வேண்டும், உள்ளே இருக்கும் லைனிங் அக்குளில்தான் முதலில் கிழியும், பேன்ட்டின் உட்புறத் தொடையில் துணி தேயும். ஆக, ஒரு உடை நமக்கு எத்தனை வருடம் உழைக்கும் என்பதுதான் கணக்கு.

கேட் திரும்பப் போடுவதில்லை என்று சொல்லவே முடியாது. 2011ல் லாஸ் ஏஞ்சலிஸில் பாஃப்டா என்ற பிரிட்டிஷ் திரைப்பட அமைப்பின் நிகழ்ச்சிக்குப் போட்ட, அலெக்சாண்டர் மெக்வீன் நிறுவனத்தின் இளம் ஊதா நிறக் கவுனைப் பத்து வருடம் கழித்து, 2021 அக்டோபரில், லண்டனில் எர்த்ஷாட் என்ற சுற்றுச்சூழல் பரிசு விழாவுக்குப் போட்டார். 2019 பாஃப்டா விருது விழாவுக்குத் தோளில் பூக்கள் வைத்துத் தைத்த வெள்ளை மெக்வீன் கவுன் ஒன்று. 2023ல் அதே விழாவுக்கு அதே கவுன் வந்தது. தோள் பூக்களைப் பிரித்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மெல்லிய துணியைச் சரியவிட்டுத் தைத்திருந்தார்கள். கையில் நீளமான கறுப்புக் கையுறை, காதில் 18 பவுண்டுக்கும் குறைவான, ஸாரா என்ற சாதாரணத் துணிக்கடையின் கம்மல். பிரித்துத் தைப்பது என்றால் என்ன என்று யாருக்காவது காட்ட வேண்டுமானால் இந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவேன். 2022 டிசம்பரில் பாஸ்டனில் பச்சை கவுனை வாடகைக்கே எடுத்துப் போட்டார். பட்டத்து இளவரசரின் மனைவி வாடகை உடையில் வருவது சாதாரண விஷயமில்லை.

ஆனால் கவனியுங்கள், அவர் திரும்பப் போட்டால் அது செய்தி. பழசைப் போட்டார் என்பதே தலைப்பு. ஒரே துண்டாக, ஒரே நிறத்தில், அடையாளத்தோடு இருக்கும் உடைக்கு இந்தத் தொல்லை எப்போதும் உண்டு. என் அலுவலகத்திலேயே ஒரு கோட் டிரஸ்ஸை இரண்டாம் முறை போட்டுப் போனபோது, "போன விழாவுக்கும் இதுதானே?" என்று அன்பாகக் கேட்டார்கள். கறுப்பு பேன்ட்டை நான் வாரா வாரம் போடுகிறேன், ஒருவரும் கேட்டதில்லை.

லெத்தீசியாவின் சூட்சுமம் அந்தக் கறுப்பு பேன்ட்தான். அவர் அரண்மனைக்கு வருமுன் ஸ்பெயின் அரசுத் தொலைக்காட்சியில் செய்தி வாசித்தவர். செய்தி வாசிப்பவரின் அலமாரியில் உடை முக்கியமில்லை, செய்திதான் முக்கியம். அந்தப் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை என்பது என் ஊகம். 2003 நவம்பரில் நிச்சயதார்த்த அறிவிப்புக்கு வந்தபோதே கவுன் இல்லை, வெள்ளை அர்மானி பேன்ட் சூட். அதற்குப் பிறகு வந்த வருடங்களில் அவர் சேர்த்ததில் பெரும்பகுதி இரண்டு துண்டுகள்தான்: ஜாக்கெட் தனி, பேன்ட் தனி, பாவாடை தனி, சட்டை தனி. நாம் ஒரே கறுப்பு ப்ளவுஸை நாலு புடவைக்குப் போடுவோமே, அதே கணக்கு.

ஜனவரி 6 அன்று மாட்ரிட் அரண்மனையில் ராணுவத்தாரை வரவேற்கும் பாஸ்குவா மிலிட்டார் நிகழ்ச்சி நடக்கும். பட்டப்பகலில் தரை தொடும் உடை போட வேண்டிய நாள். அங்கேகூட அவர் பெரும்பாலும் நீளப் பாவாடையும் தனி மேல்சட்டையுமாகத்தான் வருவார். ஒரு கவுனை மறுபடி போட்டால் ஒரு முறைதான் லாபம். ஒரு பாவாடையை நாலு மேல்சட்டையோடு போட்டால் நாலு உடை. மேல்சட்டை கறைபட்டால் பாவாடை தப்பிக்கும். இடுப்பு இரண்டு அங்குலம் கூடினால் பேன்ட்டை மட்டும் பிரித்தால் போதும், ஜாக்கெட்டைத் தொட வேண்டாம். எந்தத் தையல்காரரைக் கேட்டாலும், உடையிலேயே ஆல்டர் பண்ண மிகக் கஷ்டமானது லைனிங் வைத்த ஜாக்கெட்டின் தோள் என்று சொல்வார். கோட் டிரஸ்ஸில் தோளும் இடுப்பும் ஓரமும் ஒன்றாக மாட்டிக்கொண்டிருக்கும். ஒன்றைத் தொட்டால் மற்றதும் இழுக்கும்.

அடுத்து, கடை. லெத்தீசியா விலையுயர்ந்த கரோலினா ஹெரேராவும் போடுவார், நாமே போய் வாங்கக்கூடிய ஸாராவும் மாங்கோவும் போடுவார். 2022 மார்ச்சில், மெரிடா நகரில் பெண்கள் தின நிகழ்ச்சி ஒன்றில் அவர் போட்டுவந்த அதே கறுப்பு வெள்ளை மாங்கோ உடையை, அங்கே வந்திருந்த இன்னொரு பெண்ணும் போட்டிருந்தார். ராணிக்கும் விருந்தினருக்கும் ஒரே உடை! வேறு அரண்மனையாக இருந்தால் அதிகாரிகளுக்கு வியர்த்திருக்கும். இங்கே இருவரும் சிரித்த படம் உலகம் சுற்றியது. அந்தப் பெண் எப்படி அந்த உடையை வாங்கியிருப்பாரோ அப்படியே நானும் வாங்கலாம் என்ற நம்பிக்கை எனக்கு அன்றுதான் வந்தது.

மாமியார் சோஃபியாவின் பல பத்து வருடப் பழைய உடையையும் லெத்தீசியா எடுத்துப் போட்டிருக்கிறார். லெத்தீசியாவின் உடைகளில் மகள்கள் லெயோனோரும் சோஃபியாவும் வந்திருக்கிறார்கள். மூன்று தலைமுறை ஒரே அலமாரியிலிருந்து உடுத்த வேண்டுமானால், தைக்கும்போதே உள்ளே துணி விட்டிருக்க வேண்டும். மலிவுக் கடை உடையில் இதைத்தான் நான் முதலில் புரட்டிப் பார்ப்பேன். தையலுக்குள் ஒரு விரல் அகலம் துணி இருந்தால் வாங்கலாம். ஓவர்லாக் அடித்து ஒட்ட வெட்டியிருந்தால், நிறம் எவ்வளவு பிடித்திருந்தாலும், திருப்பி மாட்டிவிட்டு வந்துவிடுவேன்.

திரும்பப் போடுவதுதான் அளவுகோல் என்றால் மூவரையும் ஓரம் கட்டக்கூடிய ஒருவர் உண்டு: பிரிட்டனின் இளவரசி ஆன். 1981ல் அண்ணன் சார்லஸ் டயானாவை மணந்தபோது போட்ட மஞ்சளும் வெள்ளையுமான பூப்போட்ட உடையை 2008ல் இன்னொரு உறவினர் திருமணத்துக்குப் போட்டு வந்தார். 27 வருடம்! சித்தி மகளிடம் இதைச் சொன்னபோது அவளே வாயடைத்துப் போனாள். ஆனால் ஆனை நான் போட்டியில் சேர்க்கவில்லை. 27 வருடம் ஒரே அளவில் இருப்பது உடையின் சாமர்த்தியம் இல்லை, உடம்பின் சாமர்த்தியம். குதிரையேற்றத்தில் ஒலிம்பிக் வரை போனவருக்கு அது முடியும்.

லெத்தீசியாவிடம் குறையே இல்லையா? இருக்கிறது. கை இல்லாத உடைகளை அவர் விரும்பிப் போடுவார். அந்தப் புஜங்களுக்கு அவர் செய்யும் உடற்பயிற்சியை என்னால் செய்ய முடியாது. வெயில் நாட்டு ராணி என்பதால் குளிருக்கு அவரிடம் பாடம் குறைவு. அதே சமயம் செருப்பு விஷயத்தில் அவர் என்னைக் காப்பாற்றினார். மோர்ட்டன் நியூரோமா என்ற பாத நரம்புத் தொல்லையால் குதிகால் உயரத்தைக் குறைத்துக்கொண்டு, விழாக்களுக்கே தட்டைச் செருப்பில் வருகிறார். கோடையில் மயோர்க்காவில் கயிறு அடிப்பாகம் வைத்த எஸ்பாட்ரில். ராணியே தட்டைச் செருப்பில் வந்தால் நான் எதற்குக் காலை நொண்டிக்கொண்டு நடக்க வேண்டும்?

கவுன் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த விலை உடையைக் கையில் தொட்டதில்லை, படங்களை வைத்துப் பேசுகிறேன். மாலை விருந்துக்குக் கேட்டின் வாடகை யோசனை எனக்கும் சரிப்படும் என்றே தோன்றுகிறது. ஒரே இரவுக்காக அலமாரியில் ஒரு கவுனைத் தொங்கவிடுவதில் அர்த்தமில்லை.

குளிர்காலக் கோட்டுக்கு மட்டும் நான் கேட் பக்கம் போய்விட்டேன். அடர்நீலம், முழங்காலுக்குக் கீழே நீளம், இடுப்பில் பிடித்துத் தைத்தது, ஓரத்தில் கனம் உண்டு. சித்தி மகளுக்குப் படம் அனுப்பினேன். "இப்பவாவது வழிக்கு வந்தியே" என்றாள். கோட்டுக்குள்ளே இருப்பது ஸாரா பேன்ட் என்பதை அவளிடம் சொல்லவில்லை.