பேரணாம்பட்டு வகுப்பறையில் ஒரு பொன்மணிப் பெட்டி

பேரணாம்பட்டுப் பக்கத்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றும் நான், கடந்த ஜூன் மாதம் வேலூர் லாங்கு பஜாரை ஒட்டிய ஒரு கடையில், பொருள்களைக் கையால் தொட்டுக் கற்கும் மாண்டிசோரி முறைக்குரிய, எண் கற்பிக்கும் பொன்மணிப் பெட்டி ஒன்றை 1,650 ரூபாய்க்கு வாங்கினேன். 100 ஒற்றை மணிகள், கம்பியில் கோத்த 45 பத்துமணிக் கோல்கள், 9 நூறுமணிச் சதுரங்கள், ஓர் ஆயிரமணிக் கனசதுரம் ஆகியவை அதில் இருந்தன. இரண்டாம், மூன்றாம் வகுப்புகளில் ஒரு பருவம் முழுவதும் பயன்படுத்திய பிறகே இதை எழுதுகிறேன்.

பொருளின் தரம் சுமார்தான். மணிகள் கண்ணாடியல்ல, பிளாஸ்டிக். முதல் மாதத்திலேயே ஆறு கோல்களின் முனைக் கொக்கி நெகிழ்ந்து மணிகள் உதிர்ந்துவிட, நானே குறடு கொண்டு வளைத்துச் சரிசெய்தேன். கனசதுரமோ, மணிப்படத்தை மேலே ஒட்டிய வெறும் மரப்பெட்டி. இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அதைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "டீச்சர், இது காலி" என்றாள். ஒன்பது சதுரங்களை அடுக்கி, அவற்றின்மேல் பத்துக் கோல்களை வரிசையாகப் பரப்பி, அடுக்கு அந்தப் பெட்டியின் உயரத்துக்கு வந்துவிட்டதைக் காட்டிய பின்னரே அது ஆயிரம் என்று ஒப்புக்கொண்டாள்.

அரசுப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் முறையின் அட்டைகளும், கற்க வேண்டிய படிகளைக் காட்டும் ஏணிப்படமும் வந்த காலந்தொட்டு, 2022இல் தொடங்கிய, அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்குமான 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வரை, ஒவ்வொரு சீர்திருத்தத்தோடும் சில துணைக்கருவிகள் வந்திருக்கின்றன. ஆயினும் எங்களிடம் என்றும் நிலைத்திருப்பது ரப்பர் பேண்டு போட்ட ஈர்க்குச்சிக் கட்டுதான். கட்டைப் பிரித்தால் பத்துக் குச்சிகள் கைக்கு வந்துவிடும். கோலைப் பிரிக்க முடியாது, பத்து ஒற்றை மணிகளுக்கு மாற்றிக்கொள்ளத்தான் வேண்டும். கடன் வாங்கிக் கழிப்பதற்குக் கட்டே மேல் என்பது என் அனுபவம். நூறும் ஆயிரமும் எவ்வளவு பெரியவை என்று கண்ணுக்குக் காட்டுவதில் மட்டும் மணிகளுக்கு ஈடில்லை.

பெட்டியோடு வரும் ஆங்கிலக் கையேடுதான் என் பெரிய மனக்குறை. இலெவன், டுவெல்வ் ஆகிய பெயர்களில் பத்து வெளிப்படையாகத் தெரியாததால், அதற்கெனப் பக்கம் பக்கமாகப் பயிற்சி தருகிறது. பதினொன்று என்ற சொல்லிலேயே பத்தைக் கேட்டுவிடும் நம் பிள்ளைகள் அங்கே திணறுவதில்லை. அவர்கள் தடுமாறுவது, பெயரிலேயே நூறும் ஆயிரமும் ஒலிக்கும் தொண்ணூறிலும் தொள்ளாயிரத்திலும். "தொண்ணூறு எடு" என்றால் கை நூறுமணிச் சதுரத்துக்கும், "தொள்ளாயிரம்" என்றால் கனசதுரத்துக்கும் போகிறது. (தொல்காப்பியரே தனி விதி சொல்ல நேர்ந்த சொற்கள் இவை, குழந்தையை நோவானேன்?) வீட்டில் தெலுங்கு பேசும் பையனுக்கு 900 என்பது 'தொம்மிதி வந்தலு', அதாவது ஒன்பது நூறுகள், அவன் சரியாக எடுத்துவிடுகிறான். உருது பேசும் பையனுக்கோ 39 என்பது 'உன்தாலீஸ்', நாற்பதுக்கு ஒன்று குறைவு. சொல்லில் நாற்பதின் சாயல் இருப்பதால் நான்கு கோல்களும் ஒன்பது மணிகளும் எடுத்து 49 ஆக்கிவிடுகிறான். இந்த முறையை உருவாக்கிய மாண்டிசோரி அம்மையார் 1939இல் அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த பின்பும், நம் ஊரில் விற்கும் பெட்டியின் கையேடு இன்னும் ஆங்கிலம் பேசும் குழந்தையை நினைத்தே எழுதப்பட்டிருக்கிறது.

ஆகவே, பெட்டியின் மூடிக்கு உட்புறம் மூன்று மொழி எண்ணுப்பெயர்களையும் எழுதி ஒட்டியிருக்கிறேன். உருது வரிசையை எழுதிக் கொடுத்தவர் ஒரு மாணவனின் தாயார். வாங்க நினைக்கும் ஆசிரியர்கள் கனசதுரத்துக்காகக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. கோல்களும் சதுரங்களும் போதும். அவற்றை மட்டும் தனியாகத் தர முடியுமா என்று கடையில் கேட்டேன். பெட்டியாகத்தான் விற்பார்களாம்.