விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர்: படபடப்பு வருகிறவர் வாங்கலாமா?

கோவிட் காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்ட வீடுகள் பலவற்றில் இன்னும் கிடக்கிறது. அன்று நுரையீரலுக்காக வாங்கியதை இன்று வேறொரு பயத்துக்காக எடுக்கிறார்கள். திடீரென்று நெஞ்சு அடித்துக்கொள்ளும், மூச்சு முட்டும், விரல் மரத்துப்போகும், ‘உயிர் போயிடும்போல இருக்கு’ என்று தோன்றும். இதைத்தான் இங்கே படபடப்பு என்கிறோம். உடனே கை அந்தப் பெட்டியைத் தேடும். பட்டணத்து மருந்துக் கடையில் இதற்கென்றே கேட்டு வாங்குகிறவர்களும் உண்டு.

கருவியாகப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. சிவப்பு ஒளியும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியும் நகத்தின் வழியாகப் பாய்கின்றன. இரத்தம் எதை எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதை வைத்துக் கருவி ஆக்சிஜன் அளவைச் சதவீதமாகக் கணக்கிடுகிறது. நல்ல கருவியில் 2 புள்ளி கூடக்குறைய வரலாம். அடர்ந்த நகப்பூச்சு, சில்லிட்ட விரல், நடுங்கும் கை ஆகியவை கணக்கைக் கெடுக்கும். நம்மைப் போன்ற கறுத்த தோலில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. 2021-இல் எச்சரித்திருக்கிறது. வாங்குவதானால் பெட்டியில் மலேசிய மருத்துவக் கருவி ஆணையத்தின் பதிவெண் இருக்கிறதா என்று பாருங்கள். விரலை நன்றாகத் தேய்த்துச் சூடாக்கி, கையை மேசைமேல் வைத்து, எண் ஆடாமல் நிற்கும்வரை அரை நிமிடமாவது பொறுத்துப் படிக்க வேண்டும். மாட்டிய மூன்றாவது விநாடியில் 91 என்று குறைத்துக் காட்டினால் அதை நம்பக் கூடாது.

படபடப்பு வந்த நேரத்தில் இந்தக் கருவி என்ன காட்டும்? பெரும்பாலும் ஆக்சிஜன் 97 முதல் 99. நாடி 110, 120, சிலருக்கு அதற்கும் மேலே. மூச்சு முட்டுகிறதே, ஆக்சிஜன் எப்படிச் சரியாக இருக்கும் என்று கேட்பார்கள். அந்த நேரத்தில் மூச்சு குறையவில்லை, கூடிவிட்டது. வேகவேகமாக இழுத்து விடும்போது கரியமில வாயு தேவைக்கு மேல் வெளியேறுகிறது. அதனால் மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்கித் தலை சுற்றுகிறது. உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் ஊசி குத்துகிறது. உங்களைப் பயமுறுத்துவது கரியமில வாயுவின் குறைவு. இந்தக் கருவிக்கு அதை அளக்கவே தெரியாது.

98 என்று பார்த்ததும் நிம்மதி வருமே, அது போதாதா? வரும். ஆனால் அதற்குப் பக்கத்திலேயே நாடி 124 என்று மின்னும். அதைப் பார்த்துப் பயம் ஏறும், பயம் ஏறினால் நாடி 130 ஆகும். அது தணிந்த பிறகும் மூளை ‘பெட்டி இருந்ததால் பிழைத்தோம்’ என்றே பதிந்துகொள்ளும். படபடப்பு பொதுவாகப் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானாகவே இறங்கிவிடும். கருவி இல்லாவிட்டாலும் அது இறங்கியிருக்கும். இதைக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பைத்தான் அந்தப் பெட்டி பறிக்கிறது. பிறகு ஈப்போவுக்குப் பேருந்து ஏறவும் அது பையில் இருக்க வேண்டும். கல்யாண மண்டபத்தில் கதவோரமாகத்தான் உட்கார வேண்டும். பேட்டரி தீர்ந்தால் அதுவே ஒரு பயம்.

ஏற்கெனவே பழகிவிட்டவர்கள் ஒரேயடியாகத் தூக்கிப் போட வேண்டியதில்லை. முதல் வாரம், மாட்டுவதற்கு முன் எந்த எண் வரும் என்று பயப்படுகிறீர்களோ அதை எழுதுங்கள். வந்த எண்ணைப் பக்கத்தில் எழுதுங்கள். ‘85 இருக்கும்’ என்று எழுதியதற்கு எதிரே 98 என்று நிற்பதை ஏழு நாள் பார்த்தாலே பிடி தளரும். இரண்டாம் வாரம், தோன்றியதும் எடுக்காமல் பத்து நிமிடம் கழித்து எடுங்கள். மூன்றாம் வாரம், படபடப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் காலையில் ஒரே ஒரு முறை. அப்புறம் அலமாரி.

பயத்தை உண்மையில் குறைப்பது, அந்த உடல் உணர்ச்சிகளை வேண்டுமென்றே வரவழைத்துப் பழகுவது. கோப்பி ஓ (பால் கலக்காத காப்பி) பொட்டலத்தோடு வரும் மெல்லிய ஸ்ட்ராவை வாயில் வைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, ஒரு நிமிடம் அதன் வழியாக மட்டும் மூச்சு விடுங்கள், மூச்சு முட்டும். வாசற்படியில் ஒரு நிமிடம் வேகமாக ஏறி இறங்குங்கள், நெஞ்சு அடிக்கும். ஒவ்வொரு முறையும் பயத்துக்கு 10-க்கு எத்தனை என்று மதிப்பெண் போடுங்கள். பயம் பாதியாகும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள், தினமும். பலர் தவறுவது இரண்டு இடத்தில்: உச்சம் வரும்போது நிறுத்திவிடுவார்கள், அல்லது நடுவிலேயே தைலம் தடவியோ யாருடைய கையையாவது பிடித்தோ அடக்கப் பார்ப்பார்கள். அப்படிச் செய்தால் பயம் அப்படியே நிற்கும். இருதய நோய், வலிப்பு, ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரிடம் கேட்காமல் இதைத் தொடவே கூடாது.

காகிதப் பைக்குள் மூச்சு விடச் சொல்லும் பழைய வைத்தியத்தையும் விட்டுவிடுங்கள். அது படபடப்பாக இல்லாமல் மாரடைப்பாகவோ ஆஸ்துமாவாகவோ இருந்தால், ஏற்கெனவே குறைந்த ஆக்சிஜன் இன்னும் குறையும். இரத்த அழுத்தக் கருவியும் இதே கதைதான்: ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு எடுப்பதற்கானது; நடுங்கும்போது எடுத்த அளவு எதற்கும் உதவாது.

முதல் முறை இப்படி வருகிறவர் கருவி வாங்கும் முன் அரசாங்கச் சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போக வேண்டும். குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்). ஈசிஜி, தைராய்டு, இரத்தச் சோகை, சர்க்கரை ஆகியவற்றைப் பார்க்கக் கேளுங்கள். தைராய்டு கூடினாலும் இதே படபடப்பு வரும். ‘நெஞ்சு வலி’ என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். எத்தனை நிமிடம் இருந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், இரவு ஷிப்டா, எத்தனை கோப்பி என்பதையும் சொல்லுங்கள். மாத்திரை கொடுத்தால், செர்ட்ராலின் போன்றவை வேலை செய்யச் சில வாரம் ஆகும். முதல் வாரத்தில் பதற்றம் சற்றுக் கூடுவதும் உண்டு. அதைப் பார்த்து நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம் நஷ்டப்படுகிறார்கள். பேச ஆள் வேண்டுமென்றால் சுகாதார அமைச்சின் 15555 எண் இருக்கிறது. நெஞ்சு வலி கைக்கும் தாடைக்கும் பரவினாலோ, மயங்கி விழுந்தாலோ எந்தப் பெட்டியையும் தேடாமல் 999-ஐ அழைத்து ஆம்புலன்ஸ் கேளுங்கள்.

ஆஸ்துமா, நுரையீரல் நோய் உள்ளவர்கள் டாக்டர் சொன்னால் தாராளமாக வாங்கலாம். படபடப்புக்காக மட்டும் என்றால் எங்கள் பதில்: வேண்டாம். அலமாரிக்குப் போய்விட்ட கருவியிலிருந்து பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். உள்ளேயே கிடந்தால் கசிந்து, உண்மையிலேயே தேவைப்படும் நாளில் வேலை செய்யாது.