அச்சகமா, சென்னையா, கிண்டிலா? மூண்டிலயும் புத்தகம் போட்ட ஒருத்தன்ட அனுபவம்

போன கிழமை அக்கரைப்பற்றில இருந்து ஒரு தங்கச்சி மெசேஜ் போட்டிருந்தா, கவிதை எல்லாம் சேத்து வச்சிருக்கன் அண்ணா, இஞ்ச அச்சகத்தில குடுக்கிறதா, சென்னைக்கு அனுப்புறதா, இல்லாட்டி அமேசன் கிண்டில்ல போடுறதா எண்டு. வந்தாறுமூலைக் கம்பசில படிக்கிற பிள்ளையளும் கனபேர் இதே கேள்வியக் கேட்டிட்டாங்க. மூண்டு வழியிலயும் போய் வந்தவன் எண்டபடியா எல்லாத்தையும் ஒரேயடியா எழுதிப் போடுறன். டெமி சைஸ் எண்ட புத்தக அளவு, ஐஎஸ்பிஎன் எண்ட புத்தகத்திட தனி இலக்கம் எண்டு ஒவ்வொண்டா விரிவா விளக்கல்ல, அதெல்லாம் யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க.

என்ட முதல் சிறுகதைத் தொகுப்ப 2017 இல மட்டக்களப்பு டவுனில ஒரு அச்சகத்தில சொந்தக் காசில போட்டன். முதல்ல நல்லதச் சொல்லுறன், ஏனெண்டா கோவம் வந்தா புறகு சொல்ல மறந்திருவன். அங்க டைப்செட் பண்ணின அக்கா மாதிரி ஒரு ஆள் எனக்கு வேற எங்கயும் கிடைக்கல்ல. பக்கத்தில ஒரு பிளாஸ்டிக் கதிரையப் போட்டு இருத்தி வச்சி ஒவ்வொரு பக்கமாத் திரையில காட்டிக் காட்டித்தான் செய்வா. ஒரு பந்தியிட கடைசி வரி மட்டும் தனிய அடுத்த பக்கத்தில போய் விழுந்தா அவக்குப் பொறுக்காது, மேல எங்கயாவது ஒரு வரியில எழுத்து இடைவெளிய நூலளவு இறுக்கி அந்த வரிய இழுத்து எடுத்திருவா, எங்க இறுக்கினா எண்டு எனக்கே தெரியாது. வயல்காரர், வாவியில வலை போடுறவங்க பேசுற பேச்சு என்ட கதையில கனக்க வரும், அதில ஒண்டையும் அவ திருத்தல்ல. அச்சில 16, 16 பக்கமா ஒரு தாளில சேத்துத்தான் அடிக்கிறது, அதுதான் ஃபார்ம், கடைசி ஃபார்ம்ல நாலு பக்கம் சும்மா வெள்ளையாக் கிடக்கப் போகுது, அதுக்கும் சேத்துத்தானே காசு குடுக்கிறீங்க, ஏதாவது போடுங்க தம்பி எண்டு சொன்னதும் அவதான். அண்டைக்கு ராவு எழுதிக் குடுத்த சின்னக் கதை அது, இண்டைக்கும் அந்தப் புத்தகத்தப் பத்திக் கதைக்கிற ஆக்கள் அந்த நாலு பக்கத்தத்தான் சொல்லுறாங்க.

இப்ப கோவத்துக்கு வாறன். புத்தகம் கைக்கு வந்த அண்டைக்கே பென் டிரைவோட போய் ஃபைலக் கேட்டன். முதலாளி சொன்னாரு, "அது இஞ்ச கொம்பியூட்டர்ல பத்திரமாக் கிடக்கும் தம்பி, எப்ப வேணுமெண்டாலும் வாங்க" எண்டு. அதுக்குப் புறகு போய்க் கேட்டாலும் அதே பதில்தான். பிரதி எல்லாம் முடிஞ்சிட்டு, மறுபதிப்புப் போடுவம் எண்டு யோசிக்கக்குள்ள கொரோனா வந்திட்டு, அது முடிய 2022 இல பேப்பர் தட்டுப்பாடு, மேல் மாகாணத்தில பள்ளிக்கூடத் தவணைப் பரீட்சையையே தள்ளி வச்ச காலம் அது, பேப்பர் விலையக் கேட்டாலே திரும்பி வரவேண்டியதுதான். எல்லாம் ஓரளவுக்கு அடங்கி 2023 இல போனா, அந்தக் கொம்பியூட்டர் பழுதாகி மாத்திட்டாங்களாம், ஃபைல் இல்லயாம். வருசக்கணக்காப் பாடுபட்டு எழுதின ஒரு புத்தகத்திட ஃபைல ஒரு சிடியில போட்டு வைக்கக் கூடவா ஏலாமப் போச்சு?

என்னட்ட இருந்தது புரூஃப் பாக்க மெயில்ல அனுப்பின பிடிஎஃப் மட்டும்தான். அதுவும் பாமினி எழுத்துரு. தெரியாத பிள்ளையளுக்குச் சொல்லுறன், பாமினியில அடிச்சது கண்ணுக்குத் தமிழாத் தெரியும், உள்ளுக்க இருக்கிறது இங்கிலிஸ் எழுத்து, கொப்பி பண்ணி வேற இடத்தில போட்டாத் தலைகால் தெரியாத குப்பையாத்தான் வரும். எல்லாக் கொம்பியூட்டரும் ஃபோனும் தமிழ் எண்டே விளங்கிக்கொள்ளுற முறை யூனிகோட், அதுக்கு மாத்துற கருவி இணையத்தில சும்மாவே கிடக்கு, மாத்தலாம், ஆனா மாத்தினாப் புறகுதான் வேலையே தொடங்குது. பழைய பழக்கத்தில 'ர்' எழுதக்குள்ள கீழ வால் இல்ல, அதால டைப் பண்றவங்க ரகரத்த அடிக்காம 'கா'வில வாற கால் குறிய அடிச்சு மேல புள்ளிய வச்சிட்டுப் போயிருவாங்க. தாளில ரெண்டும் ஒண்டுதான், ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியாது. யூனிகோட்டுக்குப் போனா அந்தக் கால் தனியாப் பிரிஞ்சு பக்கத்தில ஒரு புள்ளி வட்டத்தோட வந்து நிக்கும். 'அவர்' எண்ட சொல் என்ட புத்தகத்தில எத்தின இடத்தில வருது எண்டு யோசிச்சுப் பாருங்க. 'கௌரி' எண்டு ஒரு பாத்திரம், அது கொம்பும் ககரமும் ளகரமுமா 'கெளரி' எண்டு வந்திருக்கு, பாத்தா ஒரே மாதிரித்தான், தேடிப் பாத்தா ஒரு இடத்திலயும் அம்பிடாது. முழுப் புத்தகத்தையும் எழுத்து எழுத்தா வாசிச்சுத் திருத்தினன், புதுசா ஒரு கதை எழுதியிருக்கலாம் அந்த நேரத்துக்கு. அந்த அக்காவ நான் குத்தம் சொல்லமாட்டன், தாளில அழகா விழுந்தாக் காணும் எண்டு பழகின கை அது, கிண்டிலும் கூகிள் தேடலும் அப்ப யார்ட மனசிலயும் இல்ல. ஃபைலத் தராம வச்சிருந்து துலைச்சதுதான் என்னால இண்டைக்கும் ஏத்துக்கொள்ள ஏலாத விசயம்.

சென்னை வழியச் சுருக்கமாச் சொல்லுறன். ரெண்டாவது புத்தகம் 2019 இல அங்க ஒரு பதிப்பகத்தில வந்தது. கவர், தாள், கட்டு எல்லாம் முதல் தரம், ஜனவரியில சென்னைப் புத்தகக் கண்காட்சிக்குப் போச்சு, தமிழ்நாட்டில வாசிக்கிற ஆக்கள் கிடைச்சாங்க, அது பெரிய விசயம்தான். நம்மட ஆக்களுக்கு இது புதுசும் இல்ல, காரைதீவில பிறந்த சுவாமி விபுலானந்தர்ட யாழ்நூலே 1947 இல கரந்தைத் தமிழ்ச் சங்கத்தாலதான் வெளிவந்தது. ஆனா அடுத்த பக்கத்தையும் பாருங்க. எனக்கு வந்த பிரதி கொஞ்சம், மிச்சத்த நானே காசு குடுத்து வாங்கிக் கப்பல் கூலியும் கட்டி இறக்கினா கல்முனையில ஒரு பிள்ளை வாங்குற விலையில இல்ல. பாத்திரங்கள்ட பேச்ச எடிட்டர் அங்கத்தப் பேச்சுக்கு மாத்தி வச்சிருந்தாரு, சண்டை பிடிச்சு முக்கால்வாசி திருப்பி எடுத்தன். ஒப்பந்தத்தில மின்னூல் உரிமையும் அவங்கட்டப் போகுது எண்டு ஒரு வரி இருந்திச்சு, எத்தின வருசத்துக்கு எண்டு கேட்டு எழுத்தில போடச் சொன்னன், போட்டாங்க. நீங்களும் கேளுங்க. இலங்கையிட 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதினவர்ட வாழ்நாளும் அதுக்குப் புறகு 70 வருசமும் உரிமை இருக்கு, அதுக்கு எங்கயும் பதியத் தேவையில்ல, அவ்வளவு நீளமான உரிமைய ஒரு கையெழுத்தில விட்டுக் குடுக்காதீங்க.

கிண்டில்ல காசு செலவே இல்ல, ஐஎஸ்பிஎன் கூடத் தேவையில்ல, யூனிகோட் ஃபைல் சரியா இருந்தா ஏத்திரலாம். என்ட முதல் தொகுப்பத் திருத்தி முடிச்ச கையோட அங்கயும் போட்டன். கனடா, லண்டனில இருக்கிற ஆக்கள் வாங்கினாங்க, செங்கலடியில இருக்கிற என்ட வாசகர் வாங்கல்ல, அவர்ட்ட கார்டும் இல்ல, ஃபோன்ல கதை வாசிக்கிற பழக்கமும் இல்ல. உரிமைத்தொகை 35 வீதம், 70 வீதம் எண்டு ரெண்டு வகை இருக்கு. செலக்ட் எண்டு ஒரு திட்டம் இருக்கு, அதில சேந்தா 90 நாளைக்கு அந்த மின்னூல வேற எங்கயும் குடுக்க ஏலாது, ஓசியாக் கூடப் போட ஏலாது, நாமளா நிப்பாட்டாட்டி அது தானா அடுத்த 90 நாளைக்கும் போகும். நான் அதில சேரல்ல, ஏனெண்டா நூலகம் தளத்துக்கும் என்ட புத்தகத்தக் குடுக்க வேணும் எண்டு நினைச்சிருந்தன். 2005 இல இருந்து ஈழத்து நூல்கள எண்ணிமப்படுத்தி வச்சிருக்கிற இடம் அது, அங்க போட்டாப் புறகுதான் நோர்வேயில இருந்து ஒரு பிள்ளை என்ட கதையத் தன்ட ஆய்வுக்கு எடுத்திருக்கன் எண்டு எழுதினா. அந்த மெயில் வந்த அண்டைக்கு நான் பட்ட சந்தோசம் வித்த காசில ஒருநாளும் வரல்ல.

கவிதைப் புத்தகத்துக்கு எண்டா என்ட பதில் இது. ஒரு கவிதை எந்தப் பக்கத்தில முடியுது எண்டதே கவிதையில பாதி, அத டைப்செட் பண்றவர்ட பக்கத்தில இருந்து பாத்துச் செய்யிறதுக்கு ஊர் அச்சகத்த விட்டா வழியில்ல. 300 பிரதிக்கு மேல அடிக்க வேணாம், டிஜிட்டல்ல சின்னத் தொகையா அடிக்கலாம், முடிஞ்சா திருப்பி அடிக்கிறது. மாத்தம் ஒண்டும் இல்லாத மறுபதிப்புக்குப் பழைய ஐஎஸ்பிஎன் காணும், மின்னூலுக்கு எடுக்கிறதெண்டா வேற இலக்கம். அத நேரா கொழும்பு தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையில விண்ணப்பிச்சு எடுக்கலாம், இடையில ஆள் வச்சுக் காசு குடுக்கத் தேவையில்ல. வெளியீட்டு விழாவில வாற ஆக்கள் என்வலப்பில வச்சுத் தாற காசு அச்சுக் கூலிய ஓரளவுக்கு மூடும், நம்மட ஊரில அது இன்னும் இருக்கு, சொந்தக்காரரும் படிப்பிச்ச சேர்மாரும் விலைக்கு மேலதான் வைப்பாங்க. கடையில போடுறத நம்பி வரவுக் கணக்குப் போடாதீங்க, வித்தாத்தான் காசு, அதுவும் கேட்டுக் கேட்டு வாங்கோணும்.

இவ்வளவு திட்டினதுக்குப் புறகும் சொல்லுறன், மூணாவது புத்தகத்தையும் அதே அச்சகத்திலதான் குடுத்திருக்கன். கூட்டிக் கழிச்சுப் பாத்தா சென்னைக்குத்தான் புள்ளி கூட வரும், தாளும் கட்டும் அங்கதான் நல்லம், இஞ்ச பசையால ஒட்டுற கம் பைண்டிங் ரெண்டு வருச வெக்கைக்கே விட்டிரும். எண்டாலும் அந்த அக்கா இன்னும் அங்கதான் இருக்கா, இப்ப யூனிகோட்டிலயும் செய்யிறா, அது எனக்குக் காணும். இந்தத் தடவை எழுத்தெல்லாம் நானே யூனிகோட்டில தட்டிக் குடுத்தன், அட்வான்ஸ் குடுக்க முதல், திருத்தக்கூடிய திறந்த ஃபைலும் பிடிஎஃப்பும் தருவம் எண்டு பில்லில கையால எழுதி முதலாளிட்டக் கையெழுத்தும் வாங்கிட்டன், கடைசிக் காசு ஃபைல் கைக்கு வந்தாப் புறகுதான் எண்டும் சொல்லிட்டன். முகத்தச் சுழிச்சுக்கொண்டுதான் கையெழுத்து வச்சாரு, வச்சிட்டாரு. இப்ப ரெண்டாவது புரூஃப் ஓடுது.