இஎம்ஆரில் சுகர் நோயாளிகளைத் தேடி எடுப்பது: பல வருடப் பயன்பாட்டுக்குப் பின்

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஆராய்ச்சிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். இஎம்ஆரில், அதாவது நோயாளிகளின் கம்ப்யூட்டர் மருத்துவப் பதிவேட்டில் இருந்து டைப் 2 சர்க்கரை நோயாளிகளைப் பிரித்தெடுத்து, ஆய்வு செய்யும் டாக்டர்களுக்கு லிஸ்ட் கொடுப்பது என் பொறுப்பு. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் முதலில் சொல்வது இதுதான்: நோய்க் குறியீட்டை மட்டும் நம்பி லிஸ்ட் எடுக்காதீர்கள்.

நோய்களுக்கான சர்வதேசக் குறியீட்டுப் பட்டியலான ஐசிடி-10இல் டைப் 1க்கு இ10, டைப் 2க்கு இ11, வகை குறிப்பிடாததற்கு இ14. ஓபியில் கூட்டம் நெருக்கும்போது பட்டியலில் மேலே இருப்பதைத் தட்டிவிட்டு டாக்டர் அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார். 60 வயதுக்கு மேல் சுகர் வந்து, கிளிமிபிரைடு என்ற சுகர் மாத்திரை சாப்பிடும் உசிலம்பட்டிப் பெரியவர் இ10 என்று பதிவாகியிருப்பார். கணையத்தில் இன்சுலின் சுரந்தால்தான் அந்த மாத்திரை வேலை செய்யும்; டைப் 1இல் அது கிட்டத்தட்ட சுரப்பதே இல்லை. ஆகவே மருந்துச் சீட்டைப் பார்த்தாலே சந்தேகம் வந்துவிடும்.

மருந்தை மட்டும் பார்த்தாலும் போதாது. பிசிஓடி என்ற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ள பெண்களுக்கும் சுகர் மாத்திரையான மெட்ஃபார்மின் எழுதுகிறார்கள். மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி, சுகர் என்று சொல்லும் எல்லையான 6.5 சதவீதத்தைத் தொட்டுவிட்டதே என்றால், இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை உள்ளவர்களுக்கு அது கூடுதலாகக் காட்டலாம். குறியீடு, மருந்து, லேப் மூன்றில் குறைந்தது இரண்டு ஒத்துப்போனால்தான் சேர்க்கிறேன். அமெரிக்காவில் 2007இல் தொடங்கிய இமெர்ஜ் ஆய்வுக் கூட்டமைப்பு டைப் 2 நோயாளிகளைப் பதிவேட்டில் கண்டுபிடிக்க வைத்துள்ள விதிமுறையும் இந்த மூன்றையும் சேர்த்தே பார்க்கிறது. அப்புறம், லிஸ்டில் சில கேஸ் ஷீட்டுகளை எடுத்து வரிவரியாகப் படித்தே ஆக வேண்டும். குறிப்புகளில் சுகரின் சுருக்கமான 'டிஎம்' என்று தேடினால் 'டிஎம் இல்லை', 'அப்பாவுக்கு டிஎம்' எல்லாம் சேர்ந்து வந்து நிற்கும்.

என்னை ரொம்ப உறுத்துவது வெளி லேப் ரிப்போர்ட். மேலூர், திருமங்கலம் பக்கமிருந்து வருகிறவர்கள் ஊரிலேயே டெஸ்ட் எடுத்து, ரிப்போர்ட்டை மஞ்சப்பையில் கொண்டுவருவார்கள். டாக்டர் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார், சிஸ்டத்தில் ஏறாது. ஸ்கேன் செய்து வைத்தாலும் அது வெறும் படம், அளவை வைத்துத் தேட முடியாது. லேப் அளவு கட்டாயம் என்று விதி வைத்தால் முதலில் விடுபடுவது கிராமத்து ஆட்கள்தான். மதுரை வட்டார ஆய்வு என்று பெயர் இருக்கும், உள்ளே டவுன்காரர்கள் மட்டும் இருப்பார்கள்.

அதனால் பிபி, எடை பதியும் திரையிலேயே வெளி லேப் அளவுக்கும் தேதிக்கும் தனிக் கட்டம் கேட்டு வாங்கினோம். கூட்டம் குறைந்த நாளில் நர்ஸ்கள் நிரப்பிவிடுகிறார்கள். திங்கட்கிழமைகளில் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. அன்றைக்கு மட்டுமாவது பதிவுக்கு ஓர் ஆள் கூடுதலாகப் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.