ஷாட்னரா, நிமாயா?

ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடரில் கேப்டன் கிர்க்காக வந்த வில்லியம் ஷாட்னரும், ஸ்பாக்காக வந்த லியனார்ட் நிமாயும் 1931 மார்ச்சில் நான்கே நாள் இடைவெளியில் பிறந்தவர்கள். இருவரும் யூதக் குடும்பத்துப் பிள்ளைகள்.

ஷாட்னர் மான்ட்ரியல்காரர், மெக்கில் பல்கலைக்கழகத்தில் வணிகவியல் படித்தவர். 2021-இல், 90 வயதில், நிஜமாகவே விண்வெளியை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். பெரிய விஷயம்தான்.

ஆனாலும் என் மனசு நிமாய் பக்கமே சாய்கிறது. பாஸ்டனில் முடிதிருத்துபவரின் மகன். வாய்ப்புத் தேடிய காலத்தில் டாக்ஸி ஓட்டியவர். ஸ்பாக்கின் புகழ்பெற்ற வணக்கம் இவர் கொண்டுவந்ததுதான். சிறுவயதில் யூத ஜெப ஆலயத்தில் ஆசி வழங்கும்போது பார்க்கக் கூடாது என்று சொல்லியும் திருட்டுத்தனமாகப் பார்த்த கைச்சைகை அது: சுண்டுவிரலும் மோதிரவிரலும் ஒரு பக்கம், நடுவிரலும் ஆள்காட்டிவிரலும் மறுபக்கம். அங்கே இரு கைகளாலும் செய்வார்கள். திரையில் இவர் ஒரு கையோடு நிறுத்திக்கொண்டார்.