லோ பண்ணின வேகனுக்கு ஷொக், ரிம் மாற்றப் போய் 185,000 ரூபாவை விட்டேன்

கோபம் ஆறுவதற்குள் எழுதுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னுடையது 2003ஆம் ஆண்டு டொயோட்டா பீல்டர் வேகன். எனக்கு விற்றவர் வாகனத்தின் உயரத்தைக் குறைக்க லோ ஸ்ப்ரிங் போட்டுவிட்டு, ஷொக்கை (அதிர்வு தாங்கியை) பழையபடியே விட்டிருந்தார். கட்டை ஸ்ப்ரிங்கோடு நீள ஷொக் இருந்தால், அது பம்ப் ஸ்டொப்பில், அதாவது கடைசியில் தடுக்கும் ரப்பர் கட்டையில், இடித்து இடித்தே செத்துப்போகும். கொழும்பு காலி வீதியில் உள்ள மேன்ஹோல் மூடி ஒவ்வொன்றையும் என் முதுகு எண்ணியது. 2020இல் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025இல் திறந்தார்கள், சரி. அந்த விலைக்கு யார் வாங்குவது? இருப்பதைத் திருத்தி ஓட்டுவோம் என்று நினைத்தேன்.

ஒரு விளம்பரத் தளத்தில் கண்ணில் பட்டது: ஜப்பான் ரீகண்டிஷன் (அங்கே பாவித்து இங்கே இறக்கிய) ஷோர்ட் ஷொக், லோ ஸ்ப்ரிங், 15 இஞ்சி ரிம், எல்லாம் நாலு நாலு, பூட்டுக்கூலியுடன் 185,000 ரூபா. கடை, உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைப் பக்கம் ஒரு ஒழுங்கைக்குள்.

போனதும் ஸ்டூல் போட்டு பிளேன் டீ வந்தது. ஊர் எது என்று கேட்டார். சொன்னேன். “அட, நம்மட ஆள். உங்களிட்ட லாபம் பார்ப்பனா தம்பி?” என்றார். ஒரு ஷொக்கை எடுத்துத் துணியால் துடைத்து, தரையில் ஊன்றி அமத்திக் காட்டினார். கம்பி மெல்ல மெல்ல மேலே வந்தது. “பாருங்கோ, பெட்டி உடைக்காத சாமான் மாதிரி.” உண்மையிலேயே நல்ல ஷொக்தான். ஆனால் என் வாகனத்தில் பூட்டியது அதை அல்ல. “இங்க வெயில், பின்னேரம் வாங்கோ” என்று அனுப்பினார். நானும் காசை எண்ணிக் கொடுத்துவிட்டு, “சரி அண்ணை” என்று போய்ச் சாப்பிட்டு வந்தேன்! நிற்க வேண்டிய நேரம் அதுதான்.

மூன்றாம் நாளே ஸ்டியரிங் திருப்பும்போது முன்பக்கம் ‘டிங்’ என்றது. பின்னால் மூன்று பேர் ஏறினால் டயர் ஃபெண்டரைக் கடித்தது. கொட்டாவையில் அதிவேக வீதிக்கு ஏறி 80ஐத் தாண்டியதும் ஸ்டியரிங் கையில் நிற்கவில்லை.

கோல் எடுத்தேன். “புது ஸ்ப்ரிங் தம்பி, 500 கிலோமீற்றர் ஓடினால் படிஞ்சிரும்.” அடுத்த தரம், அலைன்மென்ட் செய்தவன் பிழை. மூன்றாம் தரம், “பூட்டினது பாஸ், அவரைக் கேளுங்கோ.” பாஸை, அதாவது பூட்டிய மெக்கானிக்கை, கேட்டால், “சாமான் கொடுத்த ஆளைக் கேளுங்கோ.” பிறகு கடைக்காரர் போயா விடுமுறை என்றார், பிறகு கண்டியில் நிற்கிறேன் என்றார். இப்போது வட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழுகிறது.

நேற்று தெஹிவளையில் ஒரு டயர் கடைக்குக் கொண்டுபோனேன். பொடியன் வீல் நட்டில் ஸ்பானரை வைத்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தான். இரண்டு நட் கையாலேயே கழன்றது. டொயோட்டாவின் அலாய் ரிம்முக்கு வரும் தட்டை வாஷர் நட்டையே புது ரிம்மிலும் போட்டிருக்கிறார்கள். அந்த ரிம்மின் நட் ஓட்டையில் கூம்பு நட்தான் சரியாக உட்காரும். ரிம் போய் உட்காரும் ஹப் 54.1 மில்லிமீற்றர், ரிம்மின் நடு ஓட்டை 73.1. இடையில் இருக்க வேண்டிய வளையம் இல்லை. ஸ்டியரிங் ஆடியது அதனால்தான். ரிம்மின் ஓஃப்செட்டும் (சக்கரம் எவ்வளவு உள்ளே, வெளியே நிற்கும் என்ற அளவும்) பிழை. சக்கரம் இருபது மில்லிமீற்றர் வெளியே தள்ளி நிற்கிறது.

ஸ்ப்ரிங்கைக் கழற்றிக் கையில் தந்தான். நுனி கிரைண்டரால் வெட்டியது. கத்தி மாதிரிக் கூர், சூடு பட்டு நீலம் பாரித்திருந்தது. லோ ஸ்ப்ரிங்காம்! எந்த வாகனத்தினதோ ஸ்ப்ரிங்கில் ஒன்றரைச் சுற்றை வெட்டிவிட்டுக் கறுப்புப் பெயின்ற் அடித்திருக்கிறார்கள். தட்டில் ஒழுங்காக உட்காராததால்தான் அந்த ‘டிங்’. ஷொக்கில் நகத்தால் சுரண்டினேன். பெயின்ற் உரிந்து வந்தது, கீழே துருவும் எண்ணெயும்.

185,000 ரூபா. என் இரண்டு மாதச் சம்பளம். பிள்ளையோடு போகும் வாகனத்தில் நட் கழன்று கிடந்ததை நினைத்தால் காசுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. இல்லை, காசும் பெரிதுதான்.

என்ன பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. பூட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். ஸ்ப்ரிங்கின் இரண்டு நுனியையும் பாருங்கள். ரிம் மாற்றினால் நட்டும் மாறுமா என்று கேளுங்கள், நூறு கிலோமீற்றர் ஓடியதும் திரும்ப இறுக்குங்கள். சாமான் விபரம் எழுதிய பில் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். என்னிடம் இருப்பது “ஷொக் செட் 185,000” என்று கிறுக்கிய துண்டு, கடைப் பெயர்கூட இல்லை. அதை வைத்துத்தான் நாளைக்கு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்குக் கோல் அடிக்கப் போகிறேன்.

வேகன் தெஹிவளையில் ஜாக்கில் நிற்கிறது. விளம்பரம் இன்னமும் அதே படத்தோடு ஓடுகிறது.